சிறகடிக்காமல் கடல் தாண்டும் ஆல்பட்ராஸ்

வாண்டரிங் ஆல்பட்ராஸ் சிறகை விரித்தால் முனைக்கு முனை 3 மீட்டர் இருக்கும், சிலவற்றுக்கு 3.5 மீட்டர். இன்று வாழும் பறவைகளில் இதுவே அதிகம். இவ்வளவு பெரிய சிறகை ஓயாமல் அடித்துக் கட்டுப்படியாகாது. தோளில் உள்ள ஒரு தசைநாண் விரித்த சிறகைப் பூட்டிவிடுவதால், தசைக்கு வேலை மிச்சம். பறக்கும்போதும் இதயம் ஏறக்குறைய ஓய்வில் இருப்பதுபோலத்தான் துடிக்கிறது.

சரி, வேகம் எங்கிருந்து வருகிறது? கடல்பரப்பை ஒட்டிய காற்று அலைகளில் உரசி மெதுவாகிவிடும். பத்துப் பதினைந்து மீட்டர் உயரத்தில் அதே காற்று விறுவிறுவென்று வீசும். பறவை காற்றை எதிர்த்து ஏறுகிறது. ஏற ஏற எதிர்க்காற்று வலுப்பதால், உயரம் கூடியும் சிறகின் மேல் பாயும் காற்றின் வேகம் தளர்வதில்லை. உச்சியில் திரும்பி, காற்று போகும் திசையிலேயே கீழே சரிகிறது. மெதுவான அடுக்குக்குள் இறங்கியதும் சுற்றியுள்ள காற்றைவிட அது வெகு வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். அந்த வேகத்தை வைத்து, சிறகு நுனி அலையை உரச வளைந்து திரும்பி மறுபடி ஏறும். காற்று ஓய்ந்தால் வித்தை பலிக்காது, தண்ணீரில் உட்கார்ந்துவிட வேண்டியதுதான். இது வாழும் தென்பெருங்கடலில், அதாவது அண்டார்க்டிகாவைச் சுற்றிய கடலில், அந்த நிலை அடிக்கடி வராது.

பறப்பதில் இருக்கும் வேகம் இனப்பெருக்கத்தில் இல்லை. முதல் முட்டையிடவே பத்து வயதாகிவிடும். ஒரு முறைக்கு ஒரே முட்டை. அடைகாக்க 11 வாரம், குஞ்சு பறக்க இன்னும் ஒன்பது மாதம். அதனால் குஞ்சு தேறினால் இரண்டு வருடத்துக்கு ஒரு முட்டைதான். ஐம்பது வயதைத் தாண்டி வாழும் பறவைக்கு இந்தக் கணக்கு போதும், வளர்ந்த பறவைகள் சாகாதவரை.

சாவது தூண்டிலில். சூரை பிடிக்கும் கப்பல்கள் பல கிலோமீட்டர் நீளக் கயிற்றில் ஆயிரக்கணக்கான முட்களை இரையோடு விடுகின்றன. இரை மூழ்குவதற்குள் பறவை பாய்ந்து கவ்வும். முள் மாட்டி, கயிற்றோடு ஆழத்துக்குப் போய் மூச்சுமுட்டிச் சாகும். பெண் பறவைகள் இரை தேடி வடக்கே, வெப்பமான கடலுக்குப் போவதால் அவைதான் அதிகம் மாட்டுகின்றன. ஜோடியை இழந்த ஆண் புதுத் துணை தேடுவதில் வருடங்கள் போய்விடும்.

தடுக்கும் வழிகள் சாதாரணமானவை: இரவில் தூண்டில் விடுவது, கயிற்றில் எடை கட்டிச் சீக்கிரம் மூழ்கவைப்பது, கப்பலின் பின்னால் வண்ண நாடாக்கள் தொங்கும் கயிற்றைப் பறக்கவிட்டு விரட்டுவது. இவை கூடு கட்டும் இடங்களில் ஒன்றான, தென் அட்லாண்டிக்கின் தென் ஜார்ஜியா தீவைச் சுற்றிய கடலில் இவற்றைக் கட்டாயமாக்கி, கோடையில் மீன்பிடிப்பையும் நிறுத்தியதும் அங்கே பறவைச் சாவு கிட்டத்தட்ட இல்லாமலே போனது. ஆனாலும் அத்தீவின் ஆல்பட்ராஸ்கள் தொடர்ந்து குறைந்தன. எல்லைக்கு வெளியே, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலில் இரை தேடும்போது அவை வேறு கப்பல்களின் முள்ளில் மாட்டுகின்றன. அங்கே விதி இருந்தாலும் கப்பலில் ஏறிப் பார்க்க ஆள் குறைவு.