16 என்பது எந்தப் பல்?

இத்தாலிய மருத்துவ அறிக்கைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பதும், பிறர் மொழிபெயர்த்ததைச் சரிபார்ப்பதும் என் தொழில். இந்த ஆண்டில் மூன்றாவது முறையாக ஒரே தவறு என் மேசைக்கு வந்துவிட்டதால், தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த இந்தக் கட்டுரையை இன்று எழுதுகிறேன். மிலானிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஒருவரிடம், உடைந்துபோன 16-ஐப் பிடுங்க வேண்டும் என்று அவருடைய இத்தாலியப் பல் மருத்துவர் எழுதிய கடிதம் இருந்தது. கைப்பேசிச் செயலி அதை நல்ல ஆங்கிலமாக மாற்றி, எண்ணை மட்டும் அப்படியே விட்டுவிட்டது. இத்தாலியில் வழங்கும் எஃப்டிஐ (உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பு) எண்முறையில் முதல் இலக்கம் வாயின் கால்பகுதியையும், அடுத்த இலக்கம் நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பதையும் குறிக்கும். எனவே அது பதினாறு அன்று, 'ஒன்று, ஆறு', அதாவது மேல் வலது முதல் கடைவாய்ப்பல். அமெரிக்காவிலோ 1 முதல் 32 வரை வரிசையாக எண்ணுகிறார்கள். அங்கே 16 என்பது மேல் இடப்புறத்து ஞானப்பல். எக்ஸ்ரே படத்தில் அந்த ஞானப்பல் குறையேதுமின்றி இருப்பதைக் கண்டு மருத்துவர் கையை நிறுத்தியதால் அது தப்பியது.

இதைச் சொன்னால், படித்தவர்கள்கூட என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லும் பதில் ஒன்று உண்டு: "மருத்துவச் சொற்கள் எல்லாம் லத்தீன்தானே, இரண்டு மொழியிலும் ஒன்றாகத்தானே இருக்கும்?" இந்தப் பதில்தான் எனக்கு எரிச்சலூட்டுகிறது, ஏனென்றால் அது பாதி உண்மை. ஈறு அழற்சிக்கு இத்தாலியர் ஜெஞ்சிவீத்தே என்பதும் ஆங்கிலேயர் ஜிஞ்சிவைட்டிஸ் என்பதும் ஒன்றே. அவற்றில் யாரும் இடறுவதில்லை. ஆனால் இத்தாலிய மொழி லத்தீனின் வயிற்றில் பிறந்தது. அதன் சொற்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாக அடுக்களையிலும் சந்தையிலும் புழங்கிப் பொருள் மாறியிருக்கின்றன. ஆங்கிலம் அதே சொற்களைப் பிற்காலத்தில் கடன் வாங்கி வேறு பொருளில் நிறுத்திக்கொண்டது. சங்கப் பாடலில் நறுமணமாக இருந்த 'நாற்றம்' இன்று என்னவாயிற்று என்பதை அறிந்த தமிழருக்கு இதை இவ்வளவு விளக்க வேண்டியதே இல்லை.

ரிகோவெரோ என்றால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது; ஆங்கிலத்தில் ரெக்கவரி என்றால் குணமடைந்தது. கூரா என்றால் நடந்துகொண்டிருக்கும் சிகிச்சை; ஆங்கிலத்தில் க்யூர் என்றால் நோய் தீர்ந்தது. இரத்த அழுத்தத்துக்கு இன்னும் மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பவர் படிவத்தில் தீர்ந்துவிட்டதாக எழுதிவிட்டால், பல் மருத்துவர் ஊசி போடும் முன் எதை யோசிப்பார்? அஞ்ஜினா என்ற சொல் இன்னும் கொடியது: இத்தாலியத்தில் அது தொண்டை அழற்சியையும் குறிக்கும், ஆங்கிலத்தில் இதயத்துக்கு இரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலி. சிறுவயதில் அடிக்கடி தொண்டைப்புண் வந்த ஓர் இளம்பெண்ணை இதய நோயாளி என்று கருதி, அட்ரினலின் கலந்த மரப்பூசியைப் போடத் தயங்கிய ஒரு மருத்துவரை நான் அறிவேன். அவரைக் குறைசொல்ல முடியாது, தாளில் அப்படித்தான் இருந்தது.

பல் மருத்துவத்தில் சிறிய பொறிகள் ஏராளம். கப்சுலா என்று நோயாளி சொல்வது நாம் 'கேப்' என்கிற பல்லுறையை, விழுங்கும் மருந்துக் கேப்சூலை அன்று. தெவித்தாலிட்ஸாத்தோ என்று எழுதப்பட்ட பல் வேர்ச்சிகிச்சை முடிந்த பல். அதை 'உயிரற்ற பல்' என்று மொழிபெயர்த்தால், இனிமேல்தான் சிகிச்சை செய்யவேண்டும் என்று அடுத்த மருத்துவர் நினைத்துக்கொள்வார். ஓதோந்தோதெக்னிக்கோ என்பவர் பல்செட் செய்யும் தொழில்நுட்பர். அவரைப் பல் மருத்துவர் என்று எழுதாதீர்கள், 1985-ஆம் ஆண்டின் 409-ஆம் எண் சட்டப்படி இத்தாலியில் பல் மருத்துவர் தனித்தொழிலர்.

எண்களையும் நம்பாதீர்கள். இத்தாலியர் தசமத்துக்குக் காற்புள்ளியும் ஆயிரத்துக்குப் புள்ளியும் இடுகிறார்கள், அவர்களின் 1.000 மில்லிகிராம் ஆங்கிலக் கண்ணுக்கு ஒரே ஒரு மில்லிகிராம். இத்தாலியில் வாங்கிய தக்கிபிரினாவும் அமெரிக்காவில் வாங்கிய டைலனாலும் ஒரே பாராசிட்டமால்தான், இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டுக் கல்லீரலைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்; வணிகப் பெயரை விட்டுவிட்டு, பெட்டியில் அச்சிட்டிருக்கும் மூலமருந்தின் பெயரைக் காட்டுங்கள்.

செயலி தந்த பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மூலக் கடிதத்தையும் எக்ஸ்ரேயையும் வீட்டில் வைத்துவிட்டுப் போவதை, தயவுசெய்து, இன்றோடு நிறுத்துங்கள். மருத்துவ நண்பர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்தான்: எண்ணுக்குப் பக்கத்தில் 'மேல் வலது முதல் கடைவாய்ப்பல்' என்று சொல்லாலும் எழுதிவிடுங்கள். இத்தாலியத்திலும் அதற்கு நான்கே சொற்கள்தான்.