பூஞ்சை ரிப்போர்ட்டில் 13 எங்கிருந்து வந்தது?

நியூயார்க்குக்குப் பக்கத்தில் லாங் ஐலண்டில் நாங்கள் வாங்கிய வீடு 1950-களில் கட்டியது. போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்காக 1947-இல் லெவிட்டவுனில் ஆயிரக்கணக்கில் வீடுகள் எழும்ப ஆரம்பித்தன இல்லையா, அந்தச் சூட்டோடு சூடாகச் சுற்றுவட்டாரத்தில் முளைத்தவற்றில் ஒன்று. லெவிட்டவுன் வீடுகள் காங்கிரீட் தளத்தின் மேல் நேராக உட்கார்ந்திருக்கும், பேஸ்மென்ட் கிடையாது. எங்கள் வீட்டுக்கு உண்டு. வம்பும் அங்கேதான். படியில் இறங்கினால் ஒரு வாடை: ஈரத்துண்டைப் பையில் போட்டு மூன்று நாள் மறந்துவிட்டுத் திறந்தால் வருமே, அது.

சரி, பூஞ்சை டெஸ்ட் செய்துவிடலாம் என்று ஒருவரை வரவழைத்தோம். இரண்டு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. வாயில் நுழையாத லத்தீன் பெயர்கள், எதிரே எண்கள்: 13, 40, 53, 213. 'ஸ்டாக்கிபோட்ரிஸ் 13' என்ற வரியைப் பார்த்துவிட்டு என் மனைவி அன்றிரவு தூங்கவில்லை, ஏனென்றால் இணையத்தில் தேடினால் அதுதான் பேர்போன 'கருப்புப் பூஞ்சை' என்று வருகிறது.

எனக்கு உறுத்தியது வேறு. ஏன் எல்லாமே ஏறக்குறைய 13-இன் மடங்காகவே இருக்கிறது?

காற்று மாதிரி எடுக்கும் விதத்தில் விடை இருக்கிறது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பிளாஸ்டிக் டப்பி, அதை ஒரு சின்ன பம்ப்பில் மாட்டி அறை நடுவே ஸ்டாண்டில் நிறுத்துகிறார்கள். பம்ப் நிமிடத்துக்கு 15 லிட்டர் காற்றை உறிஞ்சும். டப்பிக்குள் ஒரு குறுகலான பிளவு, பிளவுக்கு நேர் கீழே பசை தடவிய கண்ணாடித் துண்டு. வேகமாக நுழையும் காற்று கண்ணாடியில் முட்டாமல் சட்டென்று வளைந்து வெளியேறிவிடும், அதில் மிதந்து வரும் பூஞ்சை வித்துகளால் அப்படி வளைய முடியாது. வளைவில் பஸ் திரும்பும்போது கம்பியைப் பிடிக்காமல் நிற்பவர் கதிதான் அவற்றுக்கு: நேராகப் போய் பசையில் ஒட்டிக்கொள்கின்றன. ஐந்து நிமிடம் ஓட்டினால் 75 லிட்டர் காற்று. ஆய்வகத்தில் ஒருவர் அந்தக் கண்ணாடியை மைக்ராஸ்கோப்பில் வைத்து ஒவ்வொன்றாக எண்ணி, ஒரு கன மீட்டருக்கு, அதாவது 1000 லிட்டருக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுகிறார். 1000-ஐ 75-ஆல் வகுத்தால் 13.3.

ஆக, ரிப்போர்ட்டில் 13 என்றால் அவர் பார்த்தது ஒரே ஒரு வித்து. 53 என்றால் நான்கு. 213 என்றால் பதினாறு. (பத்து நிமிடம் ஓட்டியிருந்தாலோ, கண்ணாடியின் ஒரு பகுதியை மட்டும் எண்ணியிருந்தாலோ பெருக்கும் எண் மாறும், ரிப்போர்ட்டின் மூலையில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.) என் மனைவியின் தூக்கத்தைக் கெடுத்தது ஒற்றை வித்து, அது என் செருப்பில் ஒட்டிக்கொண்டுகூட வந்திருக்கலாம்.

இந்த டெஸ்ட் பொய் என்று நான் சொல்லவில்லை. அது பதில் சொல்கிற கேள்வி வேறு, நமக்கு வேண்டிய கேள்வி வேறு. அந்த ஐந்து நிமிடத்தில் அந்த மூலையில் என்ன பறந்துகொண்டிருந்தது என்று மட்டும் அது சொல்லும். கொஞ்சம் முன்னால் குழந்தை கார்ப்பெட்டில் குதித்து விளையாடியிருந்தால் எண் ஏறிவிடும். வெளியே மழை பெய்திருந்தால் அந்த நாளின் வித்துகளே வேறு வகையாக இருக்கும். அதனால்தான் வாசலிலும் ஒரு மாதிரி எடுத்து ஒப்பிடுவார்கள், எடுக்கவில்லை என்றால் அந்த ரிப்போர்ட்டை நம்பாதீர்கள். ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் இரண்டின் வித்தும் மைக்ராஸ்கோப்பில் ஒரே மாதிரி குட்டி உருண்டைகள், பிரிக்கவே முடியாது, சேர்த்து ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். இதில் வேடிக்கை, ஸ்டாக்கிபோட்ரிஸின் வித்துகள் ஈரத்தில் கொழகொழவென்று ஒட்டிக்கிடக்கும், எளிதில் பறக்காது. சுவருக்குப் பின்னால் அது அப்பிக் கிடந்தாலும் காற்று மாதிரியில் பூஜ்யம் வரலாம்.

எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு எதனுடன் ஒப்பிடுவது? அமெரிக்காவில் வீட்டுக் காற்றில் இவ்வளவு வித்து வரை இருக்கலாம் என்று எந்தக் கூட்டாட்சி வரம்பும் கிடையாது. கண்ணுக்குத் தெரிகிற பூஞ்சை இருந்தால் பெரும்பாலும் டெஸ்ட்டே தேவையில்லை என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே (ஈபிஏ) சொல்கிறது. கடையில் விற்கும் வட்டத்தட்டு கிட் இருக்கிறதே, திறந்து வைத்தால் பூஞ்சை வளரும் என்பார்கள், வளரத்தான் செய்யும், வித்து இல்லாத காற்று எங்கே இருக்கிறது? தூசியை எடுத்து டிஎன்ஏ பார்த்து 36 இனங்களுக்கு மதிப்பெண் போடும் முறை ஒன்றும் உண்டு. ஈபிஏ விஞ்ஞானிகள் உருவாக்கியதுதான், ஆனால் அது ஆராய்ச்சிக் கருவி, அதை வைத்துக்கொண்டு மக்கள் வீட்டைச் சுத்தம் செய்கிற முடிவெல்லாம் எடுக்கிறார்கள் என்று அந்த முகமையின் தணிக்கைப் பிரிவே 2013-இல் எச்சரித்தது.

நல்ல இன்ஸ்பெக்டர் (காக்கிச்சட்டை இல்லை, பூஞ்சை பார்ப்பவர்) தண்ணீரைத்தான் தேடுவார். இரண்டாவதாக எங்கள் வீட்டுக்கு வந்தவர் பம்ப்பே கொண்டுவரவில்லை. முதலில் வீட்டை வெளியே சுற்றி வந்து, கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயின் வாய் அஸ்திவாரத்தை ஒட்டியே முடிவதைப் பார்த்து நின்றார். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு அங்குல மழை விழுந்தால் சுமார் 2,360 லிட்டர். மொட்டை மாடியில் வைக்கிற இரண்டாயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியையே நிரப்பி வழியவிடலாம், அதில் பாதி அந்த ஒரு மூலையில் கொட்டிக்கொண்டிருந்தது.

அப்புறம் கீழே இறங்கினார். சுவரில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஏதோ இருந்தது, நாங்கள் பூஞ்சை என்று பயந்துகொண்டிருந்தோம். தெளிப்பானால் ஒரு முறை தண்ணீர் அடித்தார், கரைந்து காணாமல் போனது. உப்பு பூத்திருக்கிறது, அவ்வளவுதான். காங்கிரீட் கல் வழியாக ஊறி வரும் தண்ணீர் உப்பைக் கொண்டுவந்து மேலே விட்டுவிட்டு ஆவியாகிவிடும். பூஞ்சையாக இருந்தால் கரையாது. ஓதம் எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது என்று அந்த வெள்ளைக் கோடே காட்டிக்கொடுத்தது.

அடுத்து ஈரமானி. இரண்டு ஊசிகளை மரச்சட்டத்தில் குத்தினால் நடுவே மின்தடையை அளக்கும். ஈரம் கூடினால் தடை குறையும், அதைச் சதவீதமாகத் திரையில் காட்டும். மரத்தில் 20-க்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும், எங்கள் மூலையில் 27 காட்டியது. அகச்சிவப்பு கேமராவும் வைத்திருந்தார். பலர் நினைக்கிற மாதிரி அது பூஞ்சையைப் படம் பிடிக்காது. ஈரமான இடம் ஆவியாகும்போது குளிரும், பானைத் தண்ணீர் குளிர்கிற அதே சங்கதி, அந்தக் குளிர்ச்சிதான் திரையில் நீலத் திட்டாகத் தெரியும். வெறுமனே வெப்பக் காப்பு சரியில்லாத இடமும் அப்படித்தான் தெரியும் என்பதால் மறுபடி ஊசியைக் குத்தி உறுதி செய்துகொள்வார்.

பூஞ்சைக்கு உணவு, தகுந்த சூடு, ஈரம் மூன்றும் வேண்டும். சூடு நமக்கு வேண்டியதுதான் அதற்கும். உணவு வீடு முழுக்க இருக்கிறது: மரம், ஒட்டுப்பலகை, ஜிப்சம் பலகையின் மேலுள்ள காகிதம். பழைய சுண்ணாம்புப் பூச்சுக்குக் காரத்தன்மை அதிகம், பூஞ்சைக்கு அவ்வளவாகப் பிடிக்காது. போருக்குப் பின் அந்த இடத்தைக் காகிதம் ஒட்டிய பலகை பிடித்துக்கொண்டது. மிஞ்சுவது ஈரம். அதிலும் தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது, பூஞ்சை உறிஞ்சிக்கொள்ளும்படி இருக்க வேண்டும். மாவடு ஜாடி நிறையத் தண்ணீர்தான், ஆனால் உப்பு அதைப் பிடித்து வைத்திருக்கிறது, யாராவது ஈரக் கரண்டியைப் போட்டால்தான் மேலே பூக்கும். சுவருக்கும் இதே கணக்கு: பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் நாள்கணக்கில் 80 சதவீதத்துக்கு மேல் நின்றாலே பூஞ்சை கிளம்பிவிடும், சொட்டச் சொட்ட நனைய வேண்டும் என்றில்லை.

ஜூலையில் அம்மா ஊரிலிருந்து வந்தார். பேஸ்மென்டில் மூக்கைச் சுளித்துவிட்டு, "ஏண்டா, ஜன்னலைத் தெறந்து வுட்டா ஈரம் போயிடாதா?" என்று எல்லாவற்றையும் திறந்து வைத்தார். நம் ஊர் வீட்டில் அது சரி, சுவரும் வெளிக்காற்றும் ஏறக்குறைய ஒரே சூடு. இங்கே மண்ணுக்குள் புதைந்த சுவர் நடுக்கோடையிலும் 18 டிகிரிதான். வெளியே 30 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம். அந்தக் காற்றை 23 டிகிரி அளவுக்குக் குளிர்வித்தாலே தண்ணீர் கக்க ஆரம்பித்துவிடும், 18 டிகிரிச் சுவரில் பட்டால் கேட்க வேண்டுமா? ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு மாதிரி சுவர் வியர்த்தது. இரண்டே நாளில் வாடை இரட்டிப்பு. பேஸ்மென்டை அழகுபடுத்துகிறேன் என்று மரப்பலகை அடித்து, பின்னால் கண்ணாடி இழைப் பஞ்சை அடைத்து வைத்திருந்தால் இதெல்லாம் பலகைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் நடக்கும். முன்பு குடியிருந்த புண்ணியவான் ஒரு மூலையில் அதைத்தான் செய்திருந்தார்.

பிரித்தெடுக்கும் முன் பழைய வீட்டுக்கே உரிய ஒரு ஜாக்கிரதை உண்டு. அந்தக் காலத்து ஒன்பது அங்குலச் சதுரத் தரை ஓடுகளிலும் குழாயைச் சுற்றியிருக்கும் வெள்ளை உறையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம், 1978-க்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். பூஞ்சைக்குப் பயந்து சுத்தியலைத் தூக்கி, அதைவிட மோசமான தூசியைக் கிளப்பிவிடக் கூடாது. டெஸ்ட்டுக்குக் காசு செலவழிப்பதென்றால் என்னைக் கேட்டால் இதற்குத்தான் செலவழிக்க வேண்டும்.

கருப்புப் பூஞ்சை பயத்துக்கும் ஒரு கதை உண்டு. 1990-களில் கிளீவ்லேண்டில் சில குழந்தைகளுக்கு நுரையீரலில் ரத்தக்கசிவு வந்தபோது ஸ்டாக்கிபோட்ரிஸ் மேல் பழி விழுந்தது. 2000-இல் நோய்க் கட்டுப்பாட்டு மையம் மறுபடி அலசி, அந்தத் தொடர்பு நிரூபணமாகவில்லை என்றது. அதற்காக ஈரவீடு ஒன்றும் செய்யாது என்று அர்த்தமில்லை. இருமல், இழுப்பு, ஆஸ்துமா மோசமாவது எல்லாவற்றுக்கும் தொடர்பு தெளிவாக இருக்கிறது, கருப்போ பச்சையோ எந்தப் பூஞ்சையானாலும் எடுத்துவிட வேண்டியதுதான். பத்து சதுர அடிக்குள் என்றால் நாமே செய்யலாம். அதற்கு மேல் ஆள் வைத்துச் செய்வதென்றால் நியூயார்க்கில் அவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும், 2016 முதல் சோதிப்பவரே அந்த வீட்டைச் சுத்தம் செய்யும் வேலையையும் எடுக்கக் கூடாது. ரொம்ப நல்ல சட்டம். பிளீச் ஊற்றினால் போதும் என்பார்கள், செத்த பூஞ்சையும் அலர்ஜி தரும், அள்ளி வெளியே போடாமல் தீராது.

நாங்கள் செய்தது இவ்வளவுதான்: கூரைக் குழாயை ஆறு அடி தள்ளி நீட்டினோம், ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று தெரிந்த பிறகு அந்த மூலைப் பலகையைப் பிரித்து எறிந்தோம், ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று வாங்கி ஜன்னலைச் சாத்தினோம். முதல் வாரம் அதன் வாளியைத் தினம் இரண்டு தடவை கொட்ட வேண்டியிருந்தது. அம்மா அந்தத் தண்ணீரை வீணாக்க விடாமல் கொல்லையில் வைத்திருந்த கத்திரிச் செடிக்கு ஊற்றப் போனார், ஈயம் கீயம் இருக்கப்போகிறது, காய்கறிக்கு வேண்டாம் என்று தடுத்துப் பூச்செடிப் பக்கம் திருப்பிவிட்டேன். இப்போது ஈரப்பதம் 48. மாவடு ஜாடியும் அங்கேதான் இருக்கிறது.