அம்பில்லாமல் நாணை இழுத்து விடாதீர்கள்

சென்ற வாரம் என்னிடம் பயிலும் ஒருவர் கொண்டுவந்த வில்லில், மேல் லிம்ப் (கைப்பிடிக்கு மேலே வளையும் பகுதி) நீளவாக்கில் பிளந்து ஒரு விரற்கடை அளவுக்கு வாய் திறந்திருந்தது. அம்பு கோக்காமல் "சும்மா இழுத்து விட்டுப் பார்த்தேன்" என்றார். இதே விடையைக் கேட்டுக் கேட்டுச் சலித்ததால்தான் இதை எழுதுகிறேன்.

நாணொலி எழுப்பியே பகைவரை நடுங்கவைத்த வீரர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு, வெறும் நாணை இழுத்து விடுவதும் வில்வித்தையின் ஓர் அங்கமாகவே தோன்றுகிறது. நாணை விரலால் தெறிப்பது வேறு, தாடைவரை இழுத்து விடுவது முற்றிலும் வேறு. தோளும் முதுகும் செய்த உழைப்பு வளைந்த லிம்புகளில் ஆற்றலாகச் சேர, அதை அம்புக்குக் கொண்டு சேர்ப்பது நாண்தான். அம்பு இருந்தால் அதில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டு பறந்துவிடும். இல்லையென்றால் அவ்வளவும் வில்லின்மீதும் நாணின்மீதுமே அதிர்ச்சியாக இறங்கும். குறைந்த இழுவிசை வில்தானே, ஒரு முறைதானே என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். முதல் முறையில் விழும் மயிரிழை விரிசல் உங்கள் கண்ணுக்குத் தெரியாமலே இருக்கலாம். அம்பின் நாக் (நாணில் பொருந்தும் பின்முனைப் பிளவு) நாணைச் சரியாகக் கவ்வாமல் நழுவினாலும் இதே கதிதான்.

நாணின் இழையும் வில்லுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். முனைகள் வலுப்படுத்தப்படாத பழைய மரவில்லுக்குச் சற்றே நீண்டு கொடுத்து அதிர்வைத் தாங்கும் டேக்ரான் என்னும் பாலியஸ்டர் இழை நாணே பொருந்தும். வேகத்துக்கு ஆசைப்பட்டு நீளாத நாணை மாட்டினால் முனை வெடிக்கக்கூடும்.

நாணில் பஞ்சுபோல் பிசிறு எழுந்தால், நாண் மெழுகைத் தடவி, விரற்சூட்டில் உருகி உள்ளிறங்கும்வரை தேய்த்துவிடுங்கள். நடுவில் சுற்றியுள்ள சர்விங் என்னும் காப்பு இழையின்மீது மெழுகு வேண்டாம். ஓர் இழை அறுந்திருந்தாலும் நாணை மாற்றுங்கள், முடிச்சுப் போட்டுச் சமாளிக்காதீர்கள். காம்பவுண்ட் வில்லின் (முனைகளில் கப்பிகள் பொருத்திய வில்) நாணை அதற்குரிய அழுத்துகருவி இல்லாமல் கழற்றவே கூடாது.

ஆர்வத்தோடு வில்லைக் கையில் வாங்கும் நண்பரிடம், நாணில் விரல் வைப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். இழுத்துப் பழகும் ஆசை இருந்தால், அவர் முதலில் ரப்பர் பட்டையை இழுத்துப் பழகட்டும்.