குறைபார்வை: சொல் விளக்கம்

கண்ணாடி போட்டதும் தெளிந்துவிடும் கண்ணை இந்தச் சொல்லில் சேர்ப்பதில்லை. கிட்டப்பார்வை, வெள்ளெழுத்து எல்லாம் வேறு. சிகிச்சை முடிந்து, சரியான கண்ணாடி அணிந்த பிறகும் பார்வை மங்கலாகவோ குறுகலாகவோ நின்றுவிடும் நிலையைத்தான் மருத்துவர்கள் 'லோ விஷன்' என்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 1992-இல் வகுத்த வரையறையில் அளவும் உண்டு. பார்வைத் திறன் 6/18-க்குக் கீழே, வெளிச்சம் மட்டும் தெரிகிற அளவு வரை இருக்கலாம். அல்லது பார்வைப் புலம், அதாவது கண்ணை அசைக்காமல் ஒரே நேரத்தில் தெரியும் பரப்பு, மையத்திலிருந்து 10 பாகைக்குள் சுருங்கியிருக்கலாம். 6/18 என்றால், மற்றவர்கள் 18 மீட்டரில் படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டருக்கு வந்துதான் படிக்க முடியும். ஆனால் வரையறையின் உயிர் கடைசி வரியில் இருக்கிறது: அந்தப் பார்வையைக் கொண்டு ஒரு வேலையைச் செய்கிறவராக, அல்லது செய்யக்கூடியவராக அவர் இருக்க வேண்டும்.

ஆங்கிலச் சொல்லுக்கு வயது அதிகமில்லை. 1950களில் அமெரிக்கக் கண் மருத்துவர்களிடையே புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன் பள்ளிகளில் நடந்தவை 'பார்வைச் சேமிப்பு' வகுப்புகள். பயன்படுத்தினால் மிச்சமிருக்கும் பார்வையும் தேய்ந்துவிடும் என்ற பயத்தில் பிள்ளைகளை அதிகம் படிக்கவே விடுவதில்லை. பார்வை என்ன, செலவழிந்து தீர்கிற பொருளா? பயிற்சி கொடுத்தால் குழந்தைகள் இருக்கும் பார்வையை இன்னும் திறமையாகப் பயன்படுத்துகிறார்கள் என்று 1964-இல் அமெரிக்கக் கல்வியாளர் நாட்டலி பராகா ஆய்வு செய்து காட்டிய பிறகுதான் இந்தப் போக்கு மாறியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பார்வைக் குறைபாடு' புழக்கத்தில் இருக்கிறது, ஆனால் கண்ணாடி போட்டால் தீரும் கோளாறையும் அப்படித்தான் சொல்கிறோம். 'பார்வையற்றோர்' தவறே. 'குறைபார்வை'தான் பொருத்தம் என்பேன். இது வினைத்தொகை, குறைகுடம் மாதிரி. அதனால்தான் நடுவில் 'ப்' மிகவில்லை. குறைந்த, குறைகின்ற, குறையும் என மூன்று காலத்தையும் அடக்குவதால், நாளாக நாளாக முற்றும் நோய்களுக்கும் பொருந்துகிறது. குறைகுடத்திலும் தண்ணீர் உண்டு அல்லவா? அந்தத் தண்ணீருக்கு, அதாவது மிச்சமிருக்கும் பார்வைக்கு, 'எஞ்சிய பார்வை' என்று பெயர்.

மறுவாழ்வுப் பயிற்சி முழுக்க இந்த எஞ்சிய பார்வையை வைத்துத்தான். புத்தகத்தைப் பாதித் தூரத்துக்குக் கொண்டுவந்தாலே எழுத்து விழித்திரையில் இரு மடங்காக விழும். கிட்டே வைத்துப் படிப்பதால் கண் கெடாது. விழித்திரையின் மையம் பழுதானவருக்குச் சற்றே ஓரமாகப் பார்க்கக் கற்றுத் தருவார்கள். பூதக்கண்ணாடி எல்லோருக்கும் உதவும் என்று நினைக்க வேண்டாம். புலம் சுருங்கியவருக்கு எழுத்தைப் பெரிதாக்கினால், ஒரு பார்வையில் அகப்படும் எழுத்துகள் இன்னும் குறைந்துபோகும். அவருக்கு நல்ல வெளிச்சம், தலையைத் திருப்பி ஒழுங்காகத் துழாவும் பழக்கம், தேவைப்பட்டால் வெள்ளைக்கோல். படிக்கட்டின் விளிம்பில் ஒரு அடர்நிறப் பட்டை ஒட்டுவதும் இந்தச் சிகிச்சையில் சேர்த்திதான்.

ஆளைக் குறிக்க 'குறைபார்வையர்' என்று சிலர் எழுதுகிறார்கள். 'குறைபார்வை உள்ளவர்' என்பது காதுக்கு இயல்பாக இருக்கிறது.