உயிர்க்கரி: சாம்பல் ஆவதற்குள் அணைத்தால்தான் கணக்கு

மண் பரிசோதனை முடிவோடு வருகிறவர்களில் பலர் இப்போது கேட்பது "உயிர்க்கரி போடலாமா?" என்றுதான். பயிர்க்கழிவைக் காற்று போதாமல் வேகவைத்து, அதன் கார்பனைச் சேமிக்க மண்ணில் இடும் கரிதான் உயிர்க்கரி (biochar). கையோடு ஒரு பையில் மாதிரியும் கொண்டுவருவார்கள். திறந்து பார்த்தால் பல நேரம் உள்ளே சாம்பல்தான் இருக்கும். சாம்பலில் பொட்டாசியமும் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் எதைச் சேமிக்க இந்த வேலையில் இறங்கினோமோ அந்தக் கார்பன் அதற்குள் காற்றோடு போயிருக்கும்.

காய்ந்த பயிர்க்கழிவின் எடையில் ஏறத்தாழ 45 சதவீதம் கார்பன், எல்லாம் செடி காற்றிலிருந்து எடுத்தது. மடக்கி உழுதால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று, பெரும்பகுதியைச் சில ஆண்டுகளிலேயே காற்றுக்குத் திருப்பிவிடும். கொளுத்தினால் அன்றைக்கே போய்விடும். காற்று போதாத நிலையில் 350 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை வெந்தால் மட்டும் அந்தக் கார்பனில் பாதியளவு கரியாகத் தங்கி, நுண்ணுயிர்கள் எளிதில் கடிக்க முடியாத வளைய அமைப்புக்கு மாறிவிடுகிறது. அமேசான் படுகையில் பழங்குடிகள் உருவாக்கிய கருமண்ணில் இருக்கும் கரி ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டியும் மண்ணிலேயே கிடக்கிறது.

கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு டன் காய்ந்த குச்சியில் சுமார் 300 கிலோ கரி கிடைத்து, அதில் 70 சதவீதம் கார்பன் என்றால் 210 கிலோ கார்பன். கரியமில வாயுவாகப் பார்த்தால் 770 கிலோ. உமிக்கரிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதில் சிலிக்கா ஏராளம் என்பதால் கார்பன் பெரும்பாலும் பாதிக்கும் கீழே.

அப்புறம், புகை. இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, எனக்கு அதுதான் எரிச்சல். ஈரக் கழிவைப் போட்டு மண்ணால் மூடி நாள் கணக்கில் புகைய விட்டால் மீத்தேன் வெளியேறும். நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றக்கூடியது, ஆகவே மண்ணில் சேர்த்த லாபத்தில் ஒரு பங்கைப் புகையே தின்றுவிடும். இதைத் தவிர்க்க, மேலே வாய் அகன்று கீழே குறுகும் கூம்புக் குழியோ தகரத் தொட்டியோ இருந்தால் போதும். கழிவு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரம் 15 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. அடியில் தீ மூட்டி, மெல்லிய அடுக்காகப் போட்டுக்கொண்டே வர வேண்டும்; மேலே நிற்கும் தழல் புகையை எரித்துவிடும், கீழே இருக்கும் கரிக்குக் காற்றும் போகாது. மேலடுக்கில் வெள்ளைப் பூச்சு படரத் தொடங்கியதும் அடுத்த அடுக்கு. அதற்கு முன்பே போட்டால் தழல் அமுங்கிப் புகையும், தாமதித்தால் கரி சாம்பலாகும். கடைசி அடுக்குக்கும் வெள்ளைப் பூச்சு வந்தவுடன் தாராளமாகத் தண்ணீர் விட்டு அணைத்துவிடுங்கள். கிளறிப் பார்த்து உள்ளே கங்கு இல்லை என்று உறுதியாகும் முன் சாக்கில் கட்டாதீர்கள், சாக்கோடு எரியும். மூடிய கொட்டகைக்குள் இந்த வேலையே கூடாது, கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமல் ஆளைக் கொல்லும்.

கரி சரியாக வெந்ததா என்று பார்க்க, கொஞ்சம் எடுத்து விரலில் தேய்த்து வெறும் தண்ணீரில் கழுவிப் பாருங்கள். கறுப்பு போய்விட்டால் சரி. பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டு சோப்பு கேட்டால் தார் இருக்கிறது, அது நிலத்துக்கு வேண்டாம். பிளாஸ்டிக், பெயின்ட் அடித்த மரம் கலந்த கழிவை உலைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

எல்லாக் கழிவையும் கரியாக்கச் சொல்லமாட்டேன். மாடு தின்னும் தட்டை மாட்டுக்கு, மூடாக்குக்கு வேண்டியது நிலத்துக்கு. பருத்திமார், கவாத்துக் குச்சி மாதிரி சீக்கிரம் மட்காமல் கிடந்து கடைசியில் வரப்போரம் கொளுத்தப்படுவது எதுவோ அதை எடுங்கள்.

வெறும் கரியை அப்படியே நிலத்தில் கொட்டினால் மண்ணில் இருக்கும் தழைச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பயிர் வெளிறி நிற்கும். தொழுவுரத்தோடு கலந்து கோமியம் தெளித்துச் சில வாரம் ஊறவிட்டு, வேர் ஓடும் வரிசையில் இடுவது சிக்கனம். அமில மண்ணிலும் சத்தில்லாத மணற்பாங்கான மண்ணிலும் பலன் கண்ணுக்குத் தெரியும். கார அமில நிலை 8-ஐத் தாண்டிய மண்ணுக்கு நான் பரிந்துரைப்பதில்லை, கரியே காரத்தன்மை உடையதுதான். வெப்பமண்டல நிலங்களில் விளைச்சல் சராசரியாக 25 சதவீதம் கூடியதாகவும் மிதவெப்ப நாடுகளில் சராசரியாக ஒன்றும் கூடவில்லை என்றும் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2017 ஆய்வு ஒன்று சொல்கிறது. ஏற்கெனவே வளமான நிலத்தில் விளைச்சல் எகிறும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கார்பன் வரவுக்கு, அதாவது மண்ணில் சேமித்த கார்பனின் கணக்குக்கு (carbon credit), பணம் தருகிறோம் என்று யாராவது ஒப்பந்தத்தை நீட்டினால், எடை ஈரத்தோடா காய்ந்த பிறகா என்று முதலில் கேளுங்கள். தண்ணீர் விட்டு அணைத்த கரியின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீராகவே இருக்கலாம். கரி மண்ணில் இடப்பட்டதற்கு யார் சாட்சி, ஆய்வகச் சோதனைச் செலவு யார் தலையில் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். அதே கரியை அடுப்புக்கு விற்றால் கார்பன் மறுபடி காற்றில்தான், அதற்கு வரவு கேட்க முடியாது.