அந்த ஆராய்ச்சியில் உங்களைப் போல ஒருவராவது இருந்தாரா?

போன வாரம் இன்னொருவர் வந்தார். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். ஏற்கெனவே மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர். மறுபடியும் நெஞ்சு வலி, வியர்த்துக் கொட்டிக்கொண்டு ராத்திரியில் அவசரப் பிரிவுக்கு வந்து சேர்ந்தார். என்னென்ன மாத்திரை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன். ஆஸ்பிரின் சொன்னார், பிரஷர் மாத்திரை சொன்னார். கொழுப்பு மாத்திரை? "அதை நிறுத்தி நாலு மாசமாச்சு டாக்டர். நூறு பேர் சாப்பிட்டா ஒருத்தருக்குத்தான் பிரயோஜனம்னு ஆராய்ச்சியிலயே போட்டிருக்கான்" என்றார். பக்கத்தில் நின்ற மகன் தலையாட்டினார். அந்த வாட்ஸ்அப் செய்தியை அப்பாவுக்கு அனுப்பியவரே அவர்தான்.

ஆஞ்சியோ பார்த்து, இன்னொரு ஸ்டென்ட் வைத்து, வாத்தியாரை வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. மாத்திரையை நிறுத்தியதால்தான் இது வந்தது என்று ஒரே ஒரு ஆளை வைத்து நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் "ஆராய்ச்சியே சொல்லுது" என்று சொல்லி மருந்தை விட்டுவிட்டு வருகிறவர்கள் இந்த வருடம் ரொம்பவே கூடிவிட்டார்கள். பொறுமை போய்விட்டது. அதனால் எழுதுகிறேன்.

அந்தச் செய்தியை முழுதாகப் படித்தேன். கண்ட இலைச்சாறு எல்லா நோயையும் தீர்க்கும் என்கிற ரகமாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இதில் வம்பு என்னவென்றால், சொல்லியிருந்த கணக்கு சரி. 2003-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று. பிரிட்டன், நார்டிக் நாடுகளைச் சேர்ந்த 10,305 பேர். எல்லோருக்கும் இரத்த அழுத்தம் உண்டு. ஆனால் யாருக்கும் அதுவரை மாரடைப்பு வந்ததில்லை. பாதிப் பேருக்கு அட்டோர்வாஸ்டாடின் என்ற கொழுப்பு மாத்திரை (ஸ்டாடின் வகை), மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் மேல் கவனித்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கு மாரடைப்பு. மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 2 பேருக்கு. வித்தியாசம் ஒருவர். வாட்ஸ்அப் சொன்னது இதைத்தான்.

இனி இன்னொரு ஆய்வு. 1994, ஸ்காண்டிநேவிய நாடுகள், 4,444 பேர். இவர்கள் எல்லோரும் ஏற்கெனவே மாரடைப்போ, இதய நோயால் நெஞ்சு வலியோ வந்தவர்கள். ஐந்தரை வருடத்தை ஒட்டிக் கவனித்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 12 பேர் இறந்துபோனார்கள். சிம்வாஸ்டாடின் என்ற இன்னொரு ஸ்டாடின் சாப்பிட்டவர்களில் சுமார் 8 பேர். கவனியுங்கள், இங்கே எண்ணியது மாரடைப்பை அல்ல, மரணத்தை. நூறு பேரில் மூன்று, நான்கு உயிர்.

இரண்டு ஆய்வும் நேர்மையானவை, இரண்டு கணக்கும் சரி. வாத்தியார் எந்த ஆய்வுக்குள் வருவார் என்பதுதான் கேள்வி. அவருக்கு மாரடைப்பு வந்தாயிற்று. முதல் ஆய்வின் வாசலில் போய் நின்றிருந்தால் அவரை உள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள். அதன் முடிவை எடுத்துத் தன் மாத்திரை டப்பாவைத் திருத்திக்கொண்டார்.

இந்தச் சதவீத விவகாரத்தை இன்றைக்கு விடப்போவதில்லை, இதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். மேலே சொன்ன 2003 ஆய்வை வைத்தே மருந்துக் கம்பெனி விளம்பரம் போட்டது: "மாரடைப்பு அபாயம் 36 சதவீதம் குறைகிறது." பொய்யா? இல்லை. மூன்றில் கிட்டத்தட்ட ஒரு பங்கு குறைந்திருக்கிறது, ஆகவே முப்பத்துச் சொச்சம். மருந்து வேண்டாம் என்கிறவர் அதே கணக்கை "ஒரு சதவீதம்தான்" என்கிறார். அதுவும் பொய்யில்லை. விற்க வருகிறவர் பெரிய எண்ணை எடுப்பார், பயமுறுத்த வருகிறவரும் பெரிய எண்ணை எடுப்பார், உதாசீனப்படுத்த நினைப்பவர் சின்ன எண்ணை எடுப்பார். எங்களிடம் வரும் மெடிக்கல் ரெப்புகள் நீட்டும் வழவழப்பான அட்டைகளிலும் இதே வித்தைதான். மருந்தின் நன்மை முப்பது, நாற்பது என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பக்க விளைவு நூற்றுக்கு 0.5 என்று கீழே எறும்பு சைஸில் இருக்கும். டாக்டர்களிலும் பலர் இதில் மயங்குகிறார்கள் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

எவ்வளவு கெடுதல் நடக்கும் என்பதற்கு பிரிட்டனைப் பாருங்கள். 1995 அக்டோபரில் அந்நாட்டின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விட்டது: புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் இரத்தக் குழாயில் கட்டி அடைக்கும் அபாயம் இரண்டு மடங்கு. செய்தித்தாள்கள் "இரண்டு மடங்கு", "100 சதவீதம்" என்று அலறின. பெண்கள் பயந்துபோய் மாத்திரையை அப்படியே நிறுத்தினார்கள். எதிலிருந்து எது இரண்டு மடங்கு என்று கேட்டவர்கள் குறைவு. பழைய மாத்திரையில் 7,000 பெண்களில் ஒருவருக்கு. புதியதில் 7,000 பேரில் இருவருக்கு. அவ்வளவே. அடுத்த ஒரு வருடத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழக்கத்தைவிடச் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடின என்று கணக்கிட்டார்கள். இதில் கொடுமை, கர்ப்ப காலத்தில் அந்த இரத்தக்கட்டி வரும் அபாயம் மாத்திரையால் வருவதைவிட அதிகம்.

ஆகவே யாராவது "இத்தனை சதவீதம் கூடுது, குறையுது" என்றால், நூறு பேரிலோ பத்தாயிரம் பேரிலோ முன்னே எத்தனை பேர், பின்னே எத்தனை பேர் என்று கேளுங்கள். பதில் வரவில்லையா, அந்தச் செய்தியை வைத்து ஒரு முடிவும் எடுக்காதீர்கள். தள்ளுபடி போர்டு பார்த்தால் "பழைய விலை எவ்வளவு" என்று கேட்கிற ஊர் இது. உடம்பு விஷயத்தில் மட்டும் ஏன் கேட்க மறந்துபோகிறது?

வெளிநாட்டு ஆய்வு அப்படியே நமக்குப் பொருந்துமா என்பது தனிக் கதை. பொருந்தாமல் போனதற்கு நம் செங்கல்பட்டே சாட்சி. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வில் பிசிஜி தடுப்பூசி நான்கில் மூன்று பங்குக்கு மேல் காசநோயைத் தடுத்தது. அருமையான முடிவு. 1968-இல் செங்கல்பட்டில் லட்சக்கணக்கான மக்களைச் சேர்த்து அதே தடுப்பூசியைச் சோதித்தார்கள். பதினைந்து வருடம் விடாமல் தொடர்ந்து பார்த்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. பிரிட்டன்காரர்கள் ஏமாற்றவில்லை, நம்மவர்களும் தப்பாகச் செய்யவில்லை. இடம் வேறு, ஆட்கள் வேறு, சுற்றியிருக்கும் கிருமிகளும் வேறு. (உடனே "அப்போ குழந்தைக்கு பிசிஜி வேண்டாமா" என்று யாரும் கிளம்ப வேண்டாம். பச்சைக் குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து அது காப்பாற்றுகிறது. கட்டாயம் போடுங்கள்.)

மணலியில் கெமிக்கல் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் சர்க்கரைக்காக என்னிடம் வருகிறார். இந்தப் புலம்பலைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "எங்க தொழில்ல ஃபிளாஸ்க்ல நடந்ததை நம்பி அப்படியே ரியாக்டர்ல ஏத்தினா உயிர் போயிடும் டாக்டர்" என்றார். ஓர் உதாரணமும் சொன்னார். அமெரிக்காவின் ஜாக்சன்வில்லில் டி2 லேபரட்டரீஸ் என்ற சிறு நிறுவனம். பெட்ரோலில் கலக்கும் ஒரு ரசாயனத்தை ஒரு லிட்டர் கலனில் சோதித்துப் பார்த்துவிட்டு, ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் கொள்ளும் ரியாக்டரில் தயாரித்தார்கள். 2007 டிசம்பர் 19 அன்று, 175-வது தடவை தயாரிக்கும்போது குளிரூட்டல் கைகொடுக்கவில்லை, ரியாக்டர் வெடித்தது. நான்கு பேர் இறந்தார்கள். நிறுவனத்தின் பங்குதாரரான கெமிக்கல் இன்ஜினியரும் அதில் ஒருவர். பாத்திரத்தின் நீள அகல உயரத்தை இரண்டு மடங்காக்கினால் உள்ளே உண்டாகும் சூடு எட்டு மடங்கு, சூடு வெளியேறும் பரப்பு நான்கு மடங்குதான் என்று மணலிக்காரர் என் மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார்.

இதை அவர் சொன்னபோது எனக்கு மஞ்சள் ஞாபகம் வந்தது. சாம்பாரில் போடும் மஞ்சள் வேறு, டப்பாவில் வரும் மஞ்சள் காப்ஸ்யூல் வேறு. மஞ்சளின் முக்கியப் பொருளான குர்குமின் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்தால் அது இரத்தத்தில் சேர்வது 20 மடங்கு கூடுகிறது என்று 1998-லேயே பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் காட்டினார்கள். இப்போது விற்கிற காப்ஸ்யூல்கள் பலவற்றில் பைப்பரினும் சேர்ந்துதான் வருகிறது. அவற்றால் கல்லீரல் வீங்கியவர்களைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். "பாட்டி காலத்துப் பொருள்தானே" என்பீர்கள். எந்தப் பாட்டியும் இந்த அளவில் கொடுத்ததில்லை.

பணத்திலும் இதே கூத்துதான். பங்குச்சந்தையில் பணத்தை விட்டு, தூக்கம் போய், படபடப்போடு ஈசிஜி எடுக்க வருகிற முப்பது வயதுக்காரர்கள் இப்போது என் ஓபியில் தனி வரிசை. "பத்து வருஷ டேட்டாவுல டெஸ்ட் பண்ணின ஸ்ட்ராட்டஜி சார்" என்கிறார்கள். பேராசிரியர்கள் கண்டுபிடித்து ஆய்விதழ்களில் வெளியிட்ட 97 பங்குச்சந்தைச் சூத்திரங்களை மெக்லீன், பாண்டிஃப் என்ற இருவர் சோதித்து 2016-இல் வெளியிட்டார்கள். கட்டுரை வெளிவந்தபின், அவை காட்டிய லாபம் சராசரியாகப் பாதிக்கும் கீழே போயிருந்தது. எல்லோருக்கும் தெரிந்துபோனால் லாபம் எங்கே மிஞ்சும்? பேராசிரியர்கள் கதி இதுவென்றால் டெலிகிராம் குரூப் அட்மின் கதியைச் சொல்லவே வேண்டாம். எஃப் அண்ட் ஓ என்கிற பங்குச்சந்தை முன்பேர வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் நஷ்டப்பட்டார்கள் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபி 2024-இல் சொன்னது. அதையும் ஒரு ஆய்வாக மதித்துப் படிக்கலாமே. சரி, அது என் துறை இல்லை, விட்டுவிடுகிறேன்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். கொழுப்பு மாத்திரையை நிறுத்தியவர்களில் பாதிப் பேர் சொல்லும் காரணம் கால் வலி. உண்மையிலேயே தசை வலி வருகிறவர்கள் உண்டு. இரத்தத்தில் ஒரு பரிசோதனை பார்த்து, அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ சரிசெய்கிறோம். ஆனால் இதையும் பாருங்கள். பக்க விளைவு தாங்காமல் ஸ்டாடினை விட்ட 60 பேரை வைத்து லண்டனில் ஓர் ஆய்வு, 2020-இல் வெளிவந்தது. சில மாதம் மருந்து, சில மாதம் வெற்று மாத்திரை, சில மாதம் எதுவும் இல்லை. எந்தக் குப்பியில் எது இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. மருந்தின்போது வந்த உபத்திரவத்தில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது. வலி பொய் என்று நான் சொல்லவில்லை, அவர்களுக்கு நிஜமாகவே வலித்தது. வலிக்குக் காரணம் பெரும்பாலும் மருந்து இல்லை, அவ்வளவுதான். (90 சதவீதம் என்றதும் "எத்தனை பேரில்?" என்று இப்போது உங்கள் மனது கேட்டிருந்தால் எனக்குச் சந்தோஷம்.)

இனி, நீங்கள் செய்ய வேண்டியது. ஸ்டென்ட் வைத்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், வலிப்புக்கும் தைராய்டுக்கும் மாத்திரை எடுப்பவர்கள், காசநோய் மருந்தில் இருப்பவர்கள்: எந்தச் செய்தியைப் படித்தாலும், யார் சொன்னாலும், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு வேளை மருந்தைக்கூட நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டீர்களா, மறைக்காதீர்கள். திட்டுவேன்தான், ஆனால் தெரியாமல் வைத்தியம் பார்ப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

ஆராய்ச்சிச் செய்தி வந்தால், யாரை வைத்துச் செய்தார்கள் என்று முதலில் தேடுங்கள். எலியா, கண்ணாடித் தட்டில் வைத்த செல்லா, மனிதரா; மனிதர் என்றால் உங்கள் வயதா, உங்கள் நோயா. எதோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டது ஒரு ரகம். "இதைச் சாப்பிட்டவர்கள் ஆரோக்கியமாக இருந்தார்கள்" என்று சும்மா கவனித்துச் சொன்னது இன்னொரு ரகம், அவர்கள் வசதியானவர்களாக இருந்ததாலும் ஆரோக்கியமாக இருந்திருக்கலாம். அப்புறம் அந்த நூறு பேர் கணக்கு, மேலேயே சொல்லியாயிற்று.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அப்பா அம்மாவுக்கு இந்தச் செய்திகளை அனுப்பாதீர்கள். நீங்கள் படித்துவிட்டு மறந்துவிடுவீர்கள், அவர்கள் உங்களை நம்பி மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அக்கறை இருந்தால் ஊருக்குப் போகும்போது மாத்திரை டப்பாவைத் திறந்து, மருந்துச்சீட்டோடு ஒத்துப் பாருங்கள். எது தீராமல் கிடக்கிறதோ அதைத்தான் நிறுத்தியிருக்கிறார்கள்.

சந்தேகம் வந்தால் அந்தச் செய்தியை என்னிடம் கொண்டுவாருங்கள். ஸ்கிரீன்ஷாட் போதாது, ஆய்வின் முழுப் பெயரோ இணைப்போ வேண்டும். காலையில் கூட்டம் இருக்கும், உட்கார்ந்து பேச முடியாது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வந்தால் சேர்ந்து படித்துப் பார்க்கலாம். அதுவரை மாத்திரை தொடரட்டும்.