நண்பனைப் புதைக்க மறுத்த அரசன்

கில்காமேஷ் காவியத்தைச் சாகாவரம் தேடிப் போன வீரனின் கதை என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். வீட்டில் ஒரு சாவு விழுந்த பிறகு ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் பேசுவது என் வேலை. அதனாலோ என்னவோ, எனக்கு அந்தக் கதை வேறு மாதிரி தெரிகிறது. உயிர் நண்பன் என்கிடு செத்துப்போனதை அவனால் தாங்க முடியவில்லை, ஓடுகிறான். ஓடுவதற்கு ஒரு காரணம் வேண்டுமே, அதற்குத்தான் சாகாவரம்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. கில்காமேஷ் ஊருக் நகரத்தின் அரசன். இன்றைய தெற்கு ஈராக்கில் வார்க்கா என்ற இடத்தில் அந்த நகரத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. கி.மு. 1800 வாக்கில் களிமண் பலகைகளில் எழுதிய பகுதிகள் கிடைத்திருக்கின்றன. இன்று நாம் அதிகம் படிப்பது சின்-லெகி-உன்னின்னி என்பவர் பெயரில் வழங்கும் 12 பலகை வடிவம். அசுர்பனிபால் மன்னன் நினிவேயில் வைத்திருந்த நூலகத்திலிருந்து அதன் படிகள் பல வந்தன. கில்காமேஷும் என்கிடுவும் தேவதாரு வனத்துக் காவலன் ஹும்பாபாவைக் கொல்கிறார்கள், வானத்துக் காளையையும் கொல்கிறார்கள். இருவரில் ஒருவன் சாக வேண்டும் என்று தெய்வங்கள் முடிவு செய்ய, என்கிடு நோயில் விழுகிறான். 12 நாள் படுக்கை. போர்க்களத்தில் சாகக் கொடுத்துவைக்கவில்லையே என்று புலம்பியபடி போய்ச்சேருகிறான்.

எட்டாம் பலகை ஒப்பாரியில்தான் தொடங்குகிறது. இருவரும் நடந்த காட்டுப் பாதைகள், ஊர்ப் பெரியவர்கள், மலைகள், யூப்ரடீஸ் ஆறு, கரடி, சிறுத்தை எல்லாரும் என்கிடுவுக்காக அழ வேண்டும் என்று கில்காமேஷ் கேட்கிறான். நெஞ்சைத் தொட்டுப் பார்க்கிறான், துடிப்பில்லை. மணப்பெண்ணுக்குப் போடுவதுபோல் முகத்தை மூடுகிறான். குட்டிகளைப் பறிகொடுத்த பெண் சிங்கம்போல் முன்னும் பின்னும் நடக்கிறான். ஆறு பகல் ஏழு இரவு உடலைப் புதைக்க விடவில்லை என்று பின்னால் அவனே சொல்கிறான். மூக்கிலிருந்து புழு விழுந்த பிறகுதான் விட்டான்.

படிக்க அருவருப்பாக இருக்கலாம். ஆனால் இறந்தவரின் கட்டிலைப் பிரிக்க விடாதவர்கள், துவைக்காத சட்டையைப் பீரோவில் பூட்டி வைத்திருப்பவர்கள் எனக்கு அடிக்கடி பார்த்துப் பழகியவர்கள். "பைத்தியம் பிடிச்சிருச்சோ" என்று உறவினர்கள் பயந்துபோய்க் கூட்டி வருவார்கள். பெரும்பாலும் அப்படி எதுவும் இல்லை. சட்டை கொஞ்ச நாள் அங்கேயே இருக்கட்டும்.

அடுத்து வருகிற பயத்தை மட்டும் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. ஒன்பதாம் பலகை தொடங்கும்போதே, நானும் சாவேனே, எனக்கும் இதே கதிதானே என்று கேட்டபடி கில்காமேஷ் காட்டுவெளியில் அலைகிறான். நாற்பது ஐம்பது வயது ஆண்களிடம் இதை அப்படியே பார்க்கலாம். கூடப் படித்தவன் திடீரென்று போய்விடுவான். இவர் அழமாட்டார், ஈசிஜி எடுப்பார். ரிப்போர்ட் நார்மல் என்றால் வேறு மருத்துவமனைக்குப் போய் மறுபடி எடுப்பார். பரிசோதனை செய்து கொள்வதில் தவறில்லை, செய்யத்தான் வேண்டும். ஆனால் எல்லாம் சரி என்று வந்த பிறகும் நெஞ்சு படபடத்தால், அந்த நண்பனைப் பற்றி அவரைப் பேசச் சொல்லுங்கள்.

காவியத்தில் எனக்கு மிகவும் பிடித்தது பத்தாம் பலகை. கடலோரத்தில் சிதுரி மதுக்கடை வைத்திருக்கிறாள். சிங்கத்தோல் போர்த்து, கன்னம் ஒட்டி வருகிறவனைக் கண்டதும் கதவைத் தாழிட்டுக்கொண்டு மேலே ஏறிவிடுகிறாள். துக்கக்காரர்களைத் தெருவில் பார்த்தால் நாமும் அப்படித்தானே ஒதுங்குகிறோம்? பதினாறாம் நாள் வரை வீடு கொள்ளாத கூட்டம். அப்புறம் போன்கூட வராது.

ஆனால் சிதுரி ஒன்று கேட்கிறாள்: ஏன் உன் முகம் இப்படி வாடிக் கிடக்கிறது? அவன் முழுக் கதையையும் சொல்கிறான். அடுத்துப் படகோட்டி உர்ஷனாபி அதையே கேட்கிறான், கில்காமேஷ் அதே வரிகளில் மறுபடி சொல்கிறான். கடைசியில், சாகாவரம் பெற்றவர் என்று அவன் தேடிப் போகிற உத்னபிஷ்டிம் கேட்கும்போது மூன்றாவது முறை. நான் படித்த கதைச் சுருக்கங்களில் இந்தத் திரும்பச் சொல்லலைத்தான் முதலில் வெட்டியிருந்தார்கள். எனக்கோ கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. இழந்தவர்கள் பேசுவது இப்படித்தான்: எத்தனை மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது, டாக்டர் என்ன சொன்னார், கடைசியாக என்ன சாப்பிட்டார், எல்லாம் அதே வரிசையில் மறுபடி மறுபடி வரும். "இதை நேத்தே சொன்னீங்களே" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

பழைய வடிவம் ஒன்றில் சிதுரி புத்தி சொல்கிறாள்: வயிறாரச் சாப்பிடு, தலைக்குக் குளி, நல்ல துணி உடுத்து, கையைப் பிடிக்கும் குழந்தையைப் பார். நல்ல புத்திதான், ஆனால் அவன் காதில் ஏறவில்லை. பின்னால் வந்த வடிவத்தில் அந்த அறிவுரையே கிடையாது. உத்னபிஷ்டிமிடம் போகிற வழியையும் அதிலுள்ள ஆபத்தையும் மட்டும் சொல்லி அனுப்புகிறாள். எனக்கு இந்தச் சிதுரியைத்தான் அதிகம் பிடிக்கும். புத்தி சொல்ல ஆயிரம் பேர் உண்டு. ரேஷன் கார்டில் பெயர் நீக்க, வங்கிக் கணக்கை மாற்ற எங்கே போக வேண்டும் என்று சொல்லிக் கூடவே போகிற ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

சாகாவரம் கேட்டு வந்தவனுக்கு உத்னபிஷ்டிம் வைத்த சோதனை, ஆறு பகல் ஏழு இரவு தூங்காமல் இருக்க வேண்டும் என்பது. உட்கார்ந்ததுமே தூங்கிவிடுகிறான் கில்காமேஷ். உத்னபிஷ்டிமின் மனைவி நாளுக்கொரு ரொட்டி சுட்டு அவன் தலைமாட்டில் வைக்கிறாள். எழுப்பியதும், இப்போதுதானே கண்ணயர்ந்தேன் என்கிறான். காய்ந்து, பூத்துப்போன ரொட்டிகளைக் காட்டிய பிறகுதான் நம்புகிறான். பிறகு அவனைக் குளிக்க வைத்து, போர்த்தியிருந்த சிங்கத்தோலைக் கழற்றி எறிந்து, புதுத்துணி கொடுக்கிறார்கள். சிதுரி சொன்ன அதே குளியல், அதே துணி. இப்போது அவனால் அதை ஏற்க முடிகிறது. கடலடியிலிருந்து எடுத்த இளமைச் செடியைப் பாம்பு கொண்டுபோனபோது உட்கார்ந்து அழுகிறான். பக்கத்தில் உர்ஷனாபி இருக்கிறான்.

எல்லாருக்கும் இப்படி ஆறிவிடாது. வயதுவந்தவர்களில் ஓராண்டு கடந்தும் ஏறக்குறைய தினமும் அதே ஏக்கம் வாட்டி, வேலையும் சாப்பாடும் உறவும் கெட்டுக் கிடந்தால் அதை நீடித்த துக்கம் என்கிறோம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022இல் இதைத் தனி நோயாகச் சேர்த்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் ஆறு மாதம்தான் அளவு, அவரவர் சமூக வழக்கத்தையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. இதற்குப் பேச்சுவழி சிகிச்சை உண்டு. "அவரோடயே போயிடணும்" என்று யாராவது சொன்னால் மட்டும் ஆறு மாதமெல்லாம் பார்க்க வேண்டாம். அவரைத் தனியாக விடாமல், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனாஸின் 14416 எண்ணை எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.